சதையி அழற்சியும் அரிய மார்புச் சிக்கல்களும்

மூச்சுத் திணறினால் நெஞ்சில் நோய் என்கிறோம்; உண்டது செரியாவிடின் வயிற்றில் நோய் என்கிறோம். நோவு தோன்றும் இடமே நோய் இருக்கும் இடம் என்று கொள்ளுதல் மக்கள் இயல்பு. பெரும்பாலான வேளைகளில் இக்கொள்கை பொய்ப்பதில்லை. ஆயின் இது பொய்க்கும் இடங்களும் சில உள. அவ்விடங்களில் நோயாளி பிழைத்தலும் பிழையாமையும் வைத்தியர் கேட்கும் ஒரு கேள்வியிலே தங்கியிருத்தல் கூடும். வயிற்றின் ஆழத்திற் கிடக்கும் சதையி என்னும் உறுப்புக் கடுமையாக அழற்சியுற, அதன் விளைவு நெஞ்சறையில் வந்து தோன்றும் நிலை அத்தகையதோர் இடமாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சதையி என்னும் பெயர் நம் மாணவர்க்கு உயிரியற் பாடநூல் வாயிலாக அறிமுகமானது. தமிழ்நாட்டார் இதனையே கணையம் என வழங்குவர். ஈரல், இதயம், குடல், மண்ணீரல் என்பன ஊர்ப்பேச்சிலும் வழங்கும் பெயர்கள். சதையிக்கோ வீட்டு மொழியிற் பெயர் இல்லை. 1847 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் போன்றோர் உடற்கூற்று நூல்களைத் தமிழ்ப்படுத்திய காலந்தொட்டு ஏட்டில் இவ்வுறுப்புக்கு இடம் உண்டு. வீட்டில் இன்னும் இடம் கிடைத்திலது.

பெயரறியாத உறுப்பின் நோயைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் எளிதன்று. மாத்தளைப் பட்டினத்தாயினும், இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலாயினும், மேல்வயிற்றிற் கடுநோவு எழுந்தால் அது "வாய்வு" எனப்படும். சற்றுப் படித்தவர் வாயில் "கேஸ்ட்ரிக்" எனப்படும். இஞ்சித் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் கொடுத்து, விடியட்டும் பார்ப்போம் என்று இருந்துவிடுகின்றோம். பல நோவுகள் விடியுமுன் தணிந்துவிடுதலும் உண்மையே. தணியாத நோவு ஒன்று உண்டு என்பதையும், அது பின்னர் மூச்சைத் தாக்கும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

சதையியின் அமைப்பும் தொழிலும்

சதையி இரைப்பைக்குப் பின்னே, முள்ளந்தண்டுக்கு முன்னே, முதலிரு நாரி முள்ளென்புகளுக்கு நேராகக் குறுக்கே கிடக்கின்றது. ஏறத்தாழ 15 சதமமீற்றர் நீளமும் 100 கிராமுக்கு உட்பட்ட நிறையும் உடையது. அதன் தலைப்பாகம் முன்சிறுகுடலின் வளைவினுள் அமைந்துள்ளது. வாற்பாகம் இடப்பக்கமாகச் சென்று மண்ணீரலைத் தொடுகின்றது. அவ்விடத்துக்கு மேலே பிரிமென்றகடு என்னும் தசைத்திரை உள்ளது. அத்திரைக்கு அப்பால் இடது நுரையீரல். இவ்வயல்நிலையைப் படிப்பவர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர்க் கூறப்படுவன பலவும் இதனின்று விளைவனவே.

இவ்வுறுப்புக்குத் தொழில் இரண்டு. ஒன்று, இன்சுலின் முதலியவற்றைக் குருதியிற் கலத்தல். அதற்குரிய கலத்திட்டுகளை இலாங்கர்கான்சு என்னும் செருமானிய அறிஞர் 1869 இல் விவரித்தார். மற்றையது, நாடோறும் ஒன்றரை இலீற்றர் அளவான செரிமானச் சாற்றைச் சுரந்து குடலுக்கு அனுப்புதல். அச்சாறு செல்லும் கானை 1642 இல் இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் விர்சுங் என்பார் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

சதையிச் சாற்றிலே மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ், கொழுப்பைச் செரிக்கும் இலிப்பேஸ், புரதத்தைச் செரிக்கும் திரிப்சின் முதலான நொதியங்கள் உள்ளன. நாம் உண்ணும் இறைச்சியைச் செரிக்க வல்ல நொதியம், தான் பிறந்த உறுப்பைச் செரியாதிருப்பது எவ்வாறு? புரதத்தைச் செரிக்கும் நொதியங்கள் சதையியினுள்ளே தொழிற்படா நிலையிற் சுரக்கப்படுகின்றன. முன்சிறுகுடலை அடைந்த பின்னரே, அங்குள்ள மற்றொரு நொதியத்தின் தூண்டலால் அவை தொழிற்படத் தொடங்குகின்றன. உரசும்வரை எரியாத தீக்குச்சியைப் போன்றது இவ்வேற்பாடு.

ஏதேனும் ஒரு காரணத்தால் இத்தூண்டல் சதையியினுள்ளேயே நிகழ்ந்துவிடின், உறுப்புத் தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும். சதையி அழற்சியின் உட்பொருள் இதுவே என 1896 இல் கான்சு கியாரி என்னும் நோயியல் அறிஞர் கருத்துத் தெரிவித்தார். அதற்கு ஏழாண்டு முன்னர், 1889 இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து றெஜினோல்ட் பிற்ஸ் இந்நோயின் குறிகளைத் தொகுத்து விரிவாக எழுதியிருந்தார்.

நோயின் காரணங்கள்

உலகெங்கும் இந்நோய்க்குத் தலையாய காரணங்கள் இரண்டு: பித்தக்கல், மது. பித்தப்பையினின்று நழுவும் சிறு கல், பித்தக்கானும் சதையிக்கானும் கூடிக் குடலிற் றிறக்கும் வாயில் வந்து சிக்கிக்கொள்ளும். 1901 இல் இயூஜின் ஒப்பி என்பார் இறந்த ஒருவரின் உடலை ஆய்ந்தபோது இத்தகைய கல்லைக் கண்டு, இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். மதுவோ நீண்டகாலம் அருந்துவோரின் சதையியைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும். சாராயமாயினும் கசிப்பாயினும் இதில் வேறுபாடு இல்லை.

இவற்றையன்றி, குருதியில் முக்கிளிசரைட்டுக் கொழுப்பு டெசிலீற்றருக்கு 1000 மில்லிகிராமைக் கடத்தல், கல்சியம் மிகுதல், வயிற்றில் அடிபடல், சில மருந்துகள், சில தொற்றுகள் என்பனவும் காரணமாகலாம். தொற்று வகையில் மாத்தளை மாவட்டத்தார் அறிந்திருக்கவேண்டியது எலிக்காய்ச்சல் ஆகும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவியபோது ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும் இருநூறு பேரளவில் இறந்ததாகவும் அறிவிக்கப்பட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. வயற்சேற்றில் இறங்குவோரைப் பற்றும் இந்நோய் ஒரோவழிச் சதையியையும் அழற்சியுறச் செய்யும். நுரையீரலினுள்ளே குருதி கசியவும் செய்யும். ஆகவே எலிக்காய்ச்சல் நோயாளிக்கு வயிற்று நோவும் மூச்சுத் திணறலும் ஒருங்கே தோன்றினால், எது எதனால் வந்தது எனப் பிரித்தறிதல் வைத்தியரின் கடமையாகின்றது. சிறுநீரகம் தளர்ந்த நிலையிற் சதையி கெடாமலே குருதியில் அமிலேஸ் சற்று உயர்தலும் உண்டாதலின், அப்பணி எளிதன்று.

மது அருந்துவோர்க்கே இந்நோய் வரும் என்னும் எண்ணம் மக்களிடையே உண்டு. அது தவறு. நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில், மதுவைத் தொட்டறியாத இளைஞரிடத்தும் சிறுவரிடத்தும் சதையியிற் கற்கள் தோன்றும் நாட்பட்ட அழற்சி ஒன்று காணப்படுகின்றது. 1959 இல் சுயிடெமா என்பார் இந்தோனேசியாவிலிருந்து இதனை விவரித்தார். அதன்பின் கேரளத்து டொக்டர் கீவர்கீஸ் பெருந்தொகையான நோயாளரை ஆராய்ந்து, இதனால் விளையும் நீரிழிவைப் பற்றி 1968 இல் ஒரு நூலே வெளியிட்டார். மரவள்ளிக் கிழங்கே காரணம் என ஒருகாலத்தில் ஐயுற்றனர், அது நிறுவப்படவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நோயாளர் பலரிடத்தே, திரிப்சினை அடக்கும் புரதத்துக்குரிய பரம்பரையலகில் மாற்றம் இருத்தல் கண்டறியப்பட்டது. இலங்கையிலும் இந்நோயாளர் உளர். எனவே, "நான் குடிப்பதில்லை" என்று நோயாளி கூறும் சொல் சதையியை ஐயப்பட்டியலினின்று நீக்கிவிடாது. அவ்வாறே, குடிப்பவரைக் கண்டவுடன் இகழ்ந்து, அவர் நோவைப் பொருட்படுத்தாது விடுதலும் வைத்திய அறமாகாது.

கடுமையின் அளவு

மேல்வயிற்றில் திடீரென எழுந்து முதுகுவரை ஊடுருவும் நோவு, வாந்தி, முன்புறம் குனிந்திருந்தாற் சற்றுத் தணிதல் என்பன இந்நோயின் குறிகள். இத்தகைய நோவு, குருதியில் அமிலேஸ் அல்லது இலிப்பேஸ் இயல்பளவின் மும்மடங்குக்குக் குறையாது உயர்தல், ஸ்கேன் படத்திற் காணும் மாற்றம் ஆகிய மூன்றனுள் இரண்டு இருப்பின் நோய் உறுதிப்படும்.

நோயாளருள் ஐவரில் நால்வர் ஏறக்குறைய ஒரு வாரத்திற் குணமடைகின்றனர். எஞ்சியோரிடத்தே நோய் முதிர்கின்றது. 1992 இல் அத்திலாந்தா நகரிற் கூடிய அறிஞர் நோயின் கடுமையை வகுத்தனர். 2012 இல் அவ்வகுப்புத் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, நுரையீரல், இதயமும் குருதியோட்டமும், சிறுநீரகம் ஆகியவற்றுள் ஒன்றேனும் 48 மணித்தியாலத்துக்கு மேலாகத் தளர்ந்திருப்பின் அதுவே கடும் சதையி அழற்சி. இவற்றுள் பெரும்பாலும் முதலில் தளர்வது நுரையீரல் என்பது கருதத்தக்கது. வயிற்று நோயின் கடுமையை அளக்கும் கோல் மூச்சிலே உள்ளது.

நெஞ்சை அடையும் வழிகள்

சதையியின் கேடு நெஞ்சை அடையும் வழிகள் மூன்று. முதலாவது குருதி வழி. அழற்சியுற்ற சதையியினின்று நொதியங்களும் அழற்சிப் பொருள்களும் குருதியிற் கலந்து நுரையீரலை அடைகின்றன. இரண்டாவது, பிரிமென்றகட்டின் வழி. அத்திரையின் அடிப்புறம் அழற்சியுறும்போது நிணநீர்க் கலன்கள் வாயிலாகவும் கசிவாலும் நீர் மேலேறுகின்றது. மூன்றாவது, இயற்கைத் துவாரங்களின் வழி. பிரிமென்றகட்டிலே பெருநாடி செல்லும் வாயிலும் களம் செல்லும் வாயிலும் உள்ளன. சதையிக்கான் பின்புறமாகக் கிழியின், வெளிப்படும் சாறு வயிற்றறையுட் பரவாது, முள்ளந்தண்டை ஒட்டி மேலேறி, இவ்வாயில்களினூடே நடுநெஞ்சுக்குட் புகுந்துவிடும். கூரையில் ஒழுகும் நீர் வளைவழியே ஓடி வேறோர் அறையிற் சொட்டுதல் போன்றது இது. சொட்டும் இடத்தில் ஏனத்தை வைப்பதால் ஒழுக்கு நில்லாது.

பெரிதும் காணப்படும் சிக்கல்கள்

அரியவற்றைக் கூறுமுன் பொதுவானவற்றைச் சுருக்கமாகக் கூறுதல் தகும். நோவினால் ஆழ மூச்செடுக்க இயலாமையின் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கிவிடுதல் ஒன்று. நுரையீரலைப் போர்த்திருக்கும் இரட்டைச் சவ்வாகிய புடைச்சவ்வின் இடையே, பெரும்பாலும் இடப்பக்கத்தில், சிறிதளவு நீர் தேங்குதல் மற்றொன்று. இவை நோய் தணியத் தாமே தணிவன. ஆயினும் தொடக்கத்திலேயே நீர் தேங்குதல் நோய் கடுமையாகலாம் என்பதற்கு ஓர் எச்சரிக்கை.

இவற்றினும் கொடியது நுரையீரல் முழுவதும் நீரூறி விறைத்து, ஒட்சிசன் குருதியிற் சேராது போகும் கடும் மூச்சுத்தளர்ச்சி. பொசுபோலிப்பேஸ் என்னும் சதையி நொதியம், நுரையீரற் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாது காக்கும் மெல்லிய பூச்சினைச் சிதைக்கின்றது. வெண்குருதிக் கலங்கள் அங்கே திரண்டு மயிர்த்துளைக் கலன்களின் சுவரைக் கெடுக்கின்றன. 1967 இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஆஷ்போ முதலிய நால்வர், பல்வேறு காரணங்களால் இவ்வாறு மூச்சுத் தளர்ந்த பன்னிருவரைப் பற்றி இலண்டன் மருத்துவ ஏடாகிய லான்செற்றில் எழுதினர். இன்று உலகறிந்த இந்நிலைக்கு அக்கட்டுரையே முதல் விளக்கம். அப்பன்னிருவருள் பெரும்பாலோர் விபத்திற் காயமுற்றோர். ஒருவர் சதையி அழற்சி நோயாளி. நுரையீரலை அழிப்பதற்கு நோய் நுரையீரலிற் றோன்றவேண்டியதில்லை என்பதை அவ்வொருவரே உணர்த்தினார்.

அரிய சிக்கல்கள்

இனி அரியவற்றைக் காண்போம். முதலாவது, சதையிக்கும் புடைச்சவ்வறைக்கும் இடையே தோன்றும் புரைவழி. சதையிக்கான் கிழிந்து, அதன் சாறு இடையறாது நெஞ்சறைக்குள் ஊறுவதற்கு இயல்பில்லாத வழியொன்று ஏற்படுதலே இது. சதையி அழற்சியுற்றோருள் நூற்றுக்கு ஒருவரிடத்துங்கூட இது காணப்படுவதில்லை. கடுமையான அழற்சியின் பின்னரும், அதனினும் மிகுதியாக நாட்பட்ட அழற்சியிலும் இது தோன்றும். 1976 இல் கமரன் என்னும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர் இத்தகைய உட்புரைகளை ஆராய்ந்து அவற்றின் இயல்பைத் தெளிவாக்கினார். இந்நோயின் வஞ்சகம் யாதெனில், சாறு வெளியேற வழி கிடைத்தமையால் வயிற்று நோவு குறைந்து அல்லது இல்லாமலே போதல். நோயாளி இருமலும் மூச்சுத் திணறலும் நெஞ்சு நோவும் கூறி வருவார். வயிற்றைப் பற்றி அவரும் கூறார், கேட்பாரும் இலர். நீரை எடுத்துவிட்டால் சில நாளில் மீண்டும் நிரம்பும்.

இரண்டாவது, நடுநெஞ்சில் தோன்றும் பொய்நீர்ப்பை. அழற்சியின் பின் சதையிச் சாறு தேங்கிச் சில வாரங்களில் தன்னைச் சூழ ஒரு சுவரை அமைத்துக்கொள்ளும். அது வயிற்றில் இருத்தலே வழக்கம். ஒரோவழி அது துவாரங்களினூடே ஏறி நடுநெஞ்சில் அமைந்து, களத்தை நெருக்கினால் உணவு விழுங்க இயலாது. மூச்சுக்குழலை நெருக்கினால் மூச்சடைக்கும். இதயத்தை நெருக்கினால் படபடப்பும் தளர்ச்சியும் தோன்றும்.

மூன்றாவது, இதயத்தைச் சூழ்ந்த சவ்வறையுள் நீர் சேர்தல். விரைந்து சேரும் நீர் இதயத்தை விரியவிடாது அழுத்தும். உடனே ஊசியால் அகற்றாவிடின் உயிர் போகும். நான்காவது, சதையியினின்று சுவாசக்குழாய்வரை புரைவழி ஏற்பட்டு, நோயாளி சதையிச் சாற்றையே இருமி உமிழ்தல். ஐந்தாவது, இறந்த இழையத்திற் கிருமி தொற்றி, அச்சீழ் பிரிமென்றகட்டைத் துளைத்து நெஞ்சறையை நிரப்புதல். ஆறாவது, சதையியின் மேல்விளிம்பை ஒட்டியோடும் மண்ணீரல் நாடியின் சுவரை நொதியங்கள் அரித்துப் புடைக்கச் செய்ய, அப்புடைப்பு வெடித்து நெஞ்சறையிற் குருதி நிறைதல். இவையெல்லாம் மிக அரியன. எனினும் ஒவ்வொன்றும் உயிர்க்கு இறுதி.

இவற்றொடு சேர்த்து எண்ணவேண்டியது மற்றொன்று. கடும் சதையி அழற்சியில் இதய மின்வரைபடம், நெஞ்சடைப்பில் உள்ளதைப் போலவே மாறித் தோன்றுதல் உண்டு. இதய நாடிகளைப் படம்பிடித்துப் பார்த்தால் அடைப்பு யாதும் இராது. இதனை நெஞ்சடைப்பு எனத் துணிந்து குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால், அழற்சியுற்ற சதையியிற் குருதி பெருகும் அபாயம் உண்டு. இதற்கு மறுதலையான பிழையும் உண்டு என்பதை மறத்தலாகாது. இதயத்தின் அடிப்பாகத்தைத் தாக்கும் உண்மையான நெஞ்சடைப்பு மேல்வயிற்று நோவாகவே தோன்றுதல் கூடும். அதனை வாய்வு எனக்கொண்டு வீட்டில் இருப்போர் உயிரிழக்கின்றனர். ஆகவே மேல்வயிற்றிற் கடுநோவு எழுந்தவர்க்கு இதய மின்வரைபடமும் வேண்டும், குருதியில் அமிலேஸ் அல்லது இலிப்பேஸ் பரிசோதனையும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடுதல் பாதி வைத்தியமே.

கேட்கவேண்டிய கேள்வி

நிற்க, புடைச்சவ்வறையில் நீர் சேர்ந்தவர் நம் நாட்டில் எவ்வாறு நோக்கப்படுகின்றார் என்பதைச் சிந்திப்போம். இந்தியாவிலும் இலங்கையிலும் நெஞ்சறை நீர் எனின் முதலில் நினைவுக்கு வருவது சயரோகம். அவ்வாறு நினைத்தல் தவறன்று. சயரோகம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. சயரோகக் கிருமி புடைச்சவ்வு நீரில் எளிதிற் கண்ணுக்கு அகப்படாமையின், கிருமியைக் காணாமலே மருந்தைத் தொடங்கவேண்டிய நிலையும் உண்டு. சிக்கல் இங்கேதான் எழுகின்றது. சதையிப் புரைவழி உடையவருக்கும் நெஞ்சில் நீர், மெலிவு, இருமல் ஆகியன உண்டு. அவருக்கும் சயரோக மருந்து கொடுக்கப்படுகின்றது. ஆறு திங்கள் உண்ணவேண்டிய மருந்தை அவர் உண்ண, நீர் மீண்டும் மீண்டும் நிரம்புகின்றது, உடல் உருகுகின்றது. இவ்வாறு காலம் கடந்தபின் உண்மை வெளிப்பட்ட நோயாளரைப் பற்றி இந்திய மருத்துவ ஏடுகள் ஒருமுறையன்று, பலமுறை எழுதியுள்ளன.

இத்துன்பத்தைத் தவிர்க்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நெஞ்சறையினின்று எடுத்த நீரில் ஒரு சிறு பகுதியை அமிலேஸ் பரிசோதனைக்கு அனுப்பினாற் போதும். புரைவழி இருப்பின் அந்நீரில் அமிலேஸ் அலகு ஆயிரத்தைக் கடந்து, பெரும்பாலும் பல்லாயிரமாகக் காணப்படும். குருதியில் உள்ள அளவினும் பன்மடங்கு மிக்கிருக்கும். புரதமும் மிகுந்திருக்கும். களம் கிழிந்தாலும், சில புற்றுநோய்களிலும் அமிலேஸ் உயர்தல் உண்டு. ஆயினும் இத்துணை உயர்வு சதையியையே பெரிதும் சுட்டும். பின்னர்க் காந்தப்புல ஸ்கேன் படத்தால் கானின் கிழிவையும் புரையின் போக்கையும் காணலாம். குருதியில் அமிலேஸை அளந்து சதையி நோயை அறியும் முறை 1929 இல் எல்மன் முதலியோரால் வைத்திய உலகுக்கு வந்தது. அத்துணைப் பழைமையான, எளிய பரிசோதனையே இது. செய்யப்படாமைக்குக் காரணம் பொருளின்மை அன்று, நினைவின்மை.

எனவே கேள்வி இதுதான்: "இதற்கு முன் உமக்கு மேல்வயிற்றிற் கடுநோவு வந்ததுண்டா?" நெஞ்சில் நீர் கட்டி வரும் ஒவ்வொருவரையும் இவ்வாறு கேட்டல் வேண்டும். நோயாளியும் உறவினரும், தாம் வாய்வென மறந்துவிட்ட பழைய நோவைக் கேளாமலே கூறுதல் வேண்டும். மது அருந்தும் வழக்கம் இருப்பின் மறையாது உரைத்தல் வேண்டும். அதனைக் கேட்கும் வைத்தியரும் தாதியரும் கடிந்து பேசாது கேட்டல் வேண்டும். நாணத்தால் மறைக்கப்பட்ட ஒரு செய்தி நோயாளியின் உயிருக்கே கேடாய் முடிதல் கூடும்.

சிகிச்சை முறை

கடும் அழற்சியின் தொடக்க நாள்களில் நாளம் வழியாக நீர்ப்பொருள் அளவறிந்து கொடுத்தல், ஒட்சிசன் கொடுத்தல், நோவைத் தணித்தல், இயன்ற விரைவில் உணவூட்டத் தொடங்குதல் என்பன முதன்மையானவை. மூச்சுத் தளர்ந்தவர்க்குச் செயற்கைச் சுவாசப் பொறி வேண்டியிருக்கும். கிருமி தொற்றியமை தெரிந்தால் அன்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாளா கொடுப்பதில்லை. பழங்காலத்தில் இறந்த இழையத்தை அகற்ற உடனே வயிற்றைத் திறந்தனர். அது பலரின் இறப்புக்குக் காரணமாயிற்று. இன்று ஏறத்தாழ நான்கு வாரம் பொறுத்து, சுவர் அமைந்தபின், குழாய் செலுத்தியும் உள்நோக்கி வாயிலாகவும் சிறிது சிறிதாக அகற்றுகின்றனர். காலம் தாழ்த்துதல் வீட்டிற் கேடாகவும், வைத்தியசாலையில் ஒரோவழி மருந்தாகவும் அமைதல் வியப்பன்றோ?

புரைவழிக்கு, நெஞ்சறை நீரைக் குழாய்மூலம் வடித்து, சதையிச் சுரப்பைக் குறைக்கும் ஒக்ரியோரைட்டு முதலிய மருந்தைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பர். உள்நோக்கி வாயிலாகச் சதையிக்கானுள் நுண்குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டால், சாறு தன் இயற்கை வழியே குடலுக்குச் செல்லப் புரை தானே மூடிக்கொள்ளும். இவை பயன்படாவிடின் சத்திரசிகிச்சை. பித்தக்கல் காரணமாயின் பித்தப்பையை அகற்றுதலும், மது காரணமாயின் அதனை அறவே விடுதலும் இன்றியமையாதன. இல்லையேல் நோய் மீளும்.

மாத்தளையார் அறியவேண்டியன

இச்சிகிச்சைகள் எல்லாம் எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பன அல்ல. மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையில் தொடக்கச் சிகிச்சை பெற்று, வேண்டியவிடத்துக் கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ மாற்றப்படுதல் இயல்பு. மாத்தளையினின்று கண்டிக்கு வழித்தூரம் ஏறத்தாழ 26 கிலோமீற்றரே. ஆயின், நக்கிள்ஸ் மலைச்சரிவில் உள்ள தோட்டத்து இலயத்தினின்று மாத்தளைக்கு இறங்கி வருதலே சில வேளை அதனினும் நீண்ட பயணமாகின்றது. நள்ளிரவில் வண்டி கிடையாது எனத் தயங்கி விடியும்வரை காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2016 இல் தொடங்கப்பெற்று, பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம். இதனை இலயங்கள்தோறும் எழுதிவைத்தல் நன்று.

எப்போது விடியும்வரை பொறுத்தலாகாது? மேல்வயிற்று நோவு முதுகுவரை பாய்ந்து சில மணித்தியாலமாகத் தணியாதிருத்தல், வாந்தி நில்லாமை, நோவோடு மூச்சு விரைதல் அல்லது திணறல், கைகால் குளிர்ந்து வியர்த்தல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளித்தல். இவற்றுள் ஒன்று தோன்றினும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சதையி அழற்சியிலிருந்து தேறி வீடு திரும்பியவர் சில வாரங்களின் பின்னர் இருமலோ, மூச்சுத் திணறலோ, விழுங்குதலில் இடரோ கண்டால், தமது பழைய நோயை முதற்சொல்லாகக் கூறி, வைத்தியசாலை கொடுத்த நோய்க்குறிப்புத் தாளைக் கையோடு கொண்டுசெல்லுதல் வேண்டும். அத்தாள் ஒரு கடதாசித் துண்டன்று. வைத்தியர் பல நாள் தேடவேண்டியதை ஒரு நொடியில் அறிவிக்கும் வழிகாட்டி.

முடிவுரை

திருக்குறளின் மருந்து அதிகாரத்திலே வள்ளுவர், வைத்தியன் நோய் இன்னதெனத் துணிவதோடு அமையாது, அந்நோய் எதனின்று எழுந்தது என்பதையும் ஆராய்ந்தபின்னரே அதனைத் தணிக்க முற்படவேண்டும் என வகுத்தார். நெஞ்சில் நீரைக் கண்டு நெஞ்சுக்கு மட்டும் மருந்திடுவோர் அவ்விதியின் முற்பாதியை மட்டும் கடைப்பிடிப்போராவர். பிற்பாதி வயிற்றிலே கிடக்கின்றது.

நம் கல்லூரி மாணவருள் சிலர் வருங்காலத்தில் வைத்தியராகவும் தாதியராகவும் ஆய்வுகூட அலுவலராகவும் வருவர். அவர்கள் இக்கேள்வியை நினைவிற் கொள்வாராக. அத்துறைகளுக்குச் செல்லாதோரும் இதில் ஆற்றவேண்டிய பணி உண்டு. வீட்டிலும் இலயத்திலும் மேல்வயிற்று நோவை வாய்வு என்று ஒதுக்கும்போது, "அங்கே சதையி என்றோர் உறுப்பு உண்டு, அதன் நோய் மூச்சையும் தாக்கும்" என்று சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும். பாடநூலில் நாம் படித்த பெயர் வீட்டுமொழியிலும் வழங்குமாயின், விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் குறையும். அவ்வழக்கம் குறையச் சில உயிர்களேனும் தப்பும்.